ஆறாம் விதியும் ஒரு ரயில் கப்பும்

“விண்ணப்பத்தில் குறை இருந்தால் அதை விண்ணப்பதாரருக்குத் தொலைபேசியில் தெரிவித்து, முகாம் தொடங்கும் நாள் காலை வரை சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும். முதல் முறையாக விண்ணப்பிக்கும் குடும்பத்தை, படிவத்தில் உள்ள குறையைக் காரணம் காட்டி விலக்கக் கூடாது.”

எங்கள் முகாமின் ஆறாம் விதி இது. இதை எழுதியவன் நான். எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். பணியில் இருந்தவரை பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு வரவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் விருத்தாசலம் கடைவீதிக்குப் போய் முதல் வேலையாக ஒரு பச்சைப் பேனா வாங்கினேன். அதில் கையெழுத்துப் போட ஏதும் இல்லாததால் தெருவிளக்குப் புகார்கள் எழுதினேன். பிறகு பேரனுக்கு நோய் வந்தது. அவனுடைய மருந்து அட்டவணையை எழுதினேன்.

பேரனுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். என் மகன் இங்கேயே செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் இருக்கிறான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக மருமகளும் பேரனும் என்னுடன் இருக்கிறார்கள். என் மனைவி இதையெல்லாம் பார்க்காமல் முன்பே போய்விட்டாள்.

முகாமை நடத்துவது எங்கள் ஊரில் நீண்ட காலம் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா. ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பு ஒன்றில் பழைய பயிற்சி நிலையம் இருக்கிறது. கோடை விடுமுறையில் மூன்று நாள், கடுமையான நோய் உள்ள குழந்தைகள் பன்னிரண்டு பேர் தங்கள் குடும்பத்தோடு அங்கே வந்து தங்கலாம். அறை பன்னிரண்டுதான். அங்கே யாரும் யாரிடமும் என்ன நோய் என்று கேட்கக் கூடாது. நர்ஸுகள் சாதாரணச் சுடிதாரில் இருப்பார்கள். அம்மாக்கள் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறுவார்கள்.

சென்ற வருடம் நாங்கள் போயிருந்தோம். முந்திரி மரத்தின் கிளைகள் தரையைத் தொட்டபடி படர்ந்திருக்கும், ஏறுவது சுலபம். பேரன் ஏறி உட்கார்ந்துகொண்டு, “தாத்தா, யாருமே எறங்குன்னு சொல்லல” என்றான். எட்டு மாதத்தில் முதல் முறையாக அன்றைக்கு மூன்று இட்லி சாப்பிட்டான். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலிருந்து தினமும் ஒரே கேள்வி. “அடுத்த முகாம் எப்ப?”

அந்த முதல் முகாமிலேயே அவர்களுடைய படிவத்தைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. மூன்று இடத்தில் முகவரி கேட்டிருந்தார்கள், ரத்தப் பிரிவைக் கேட்க மறந்திருந்தார்கள். நான் திருத்திக் கொடுத்தேன். டாக்டரம்மா சந்தோஷப்பட்டு, இந்த வருடம் விதிகள், படிவம், பதிவேடு, விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டார். “நீங்க பாத்துட்டீங்கன்னா போதும் சார், நான் திரும்பப் பாக்க மாட்டேன்” என்றார். அரசாங்கத்தில் இருந்தபோது எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்திருக்கலாம்.

ஐந்தாம் விதியையும் நானே எழுதினேன். புதிதாக வரும் குடும்பங்களுக்கே முதல் இடம், ஏற்கெனவே வந்தவர்கள் காத்திருப்புப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. எழுதும்போது, புதியவர்கள் பன்னிரண்டு பேர் எங்கே வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். சரியாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் என் பேரன்.

அந்தப் பட்டியலை வீட்டு மேஜையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பேரன் வந்து மேஜையின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, “என் பேரு இதுல இருக்குதா தாத்தா?” என்றான். இருக்குது என்றேன். எந்தப் பட்டியலில் என்று அவன் கேட்கவில்லை.

பன்னிரண்டு விண்ணப்பங்களில் நான்கில் குறை இருந்தது. கம்மாபுரத்துப் பக்கம் ஒரு விவசாயி ஆதார் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தார். ஒன்றில் போட்டோ இல்லை. ஒன்றில் மருத்துவச் சான்று பழையது. மூன்று பேருக்கும் அன்றைக்கே போன் செய்து சரிசெய்துவிட்டேன்.

நான்காவது மங்கலம்பேட்டையிலிருந்து வந்தது. பத்து வயதுப் பெண் குழந்தை. தந்தை சவுதியில் வேலை பார்க்கிறார். படிவத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தாய் தன் கையெழுத்தைப் போட்டு, கணவர் ஒரு தாளில் போட்ட கையெழுத்தை வாட்ஸாப்பில் வாங்கிப் பிரிண்ட் எடுத்து இணைத்திருந்தார். மங்கலம்பேட்டையில் பாதி வீட்டில் ஆம்பிளைகள் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். பணியில் இருந்த காலத்தில் இந்த மாதிரி நூறு மனுக்களை நானே ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அது மட்டுமல்ல, சென்ற வருடம் என் பேரனின் படிவத்தில் குஜராத்தில் இருக்கும் என் மகனுக்காக நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

படிவத்தின் முதல் பக்கத்திலேயே அந்தத் தாயின் போன் எண் இருந்தது. குண்டு குண்டாக, தெளிவாக.

நான் கடிதம் எழுதினேன். எண், பொருள், பார்வை எல்லாம் போட்டு, ‘தந்தையின் அசல் கையொப்பம் இல்லாத காரணத்தால் தங்கள் விண்ணப்பம் இத்துடன் திருப்பப்படுகிறது. ஏழு தினங்களுக்குள் குறையை நிவர்த்தி செய்து அனுப்பவும்’ என்று பச்சை மையில் கையெழுத்திட்டேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சாதாரணத் தபாலில் போட்டேன். அந்தப் பெட்டியை இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏழு தினம் என்பது கடிதத்தின் தேதியிலிருந்து கணக்கு. எட்டாம் நாள் காலியிடத்தைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து நிரப்பினேன்.

டாக்டரம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, “மங்கலம்பேட்டை பாப்பா வரலையா? அவங்களுக்குச் சொன்னீங்களா சார்?” என்றார்.

“தகவல் அனுப்பியாச்சு மேடம். பதில் இல்லை.”

இரண்டு வாக்கியமும் உண்மை. நேரான பொய் சொல்ல எனக்கு வராது. முப்பத்து நான்கு வருடத்தில் அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை.

முகாம் மே மாதம் பதினாறாம் தேதி தொடங்கியது. தேதியைத் தேர்வானவர்களுக்கு மட்டும் போனில் சொல்வது வழக்கம். முதல் நாள் காலை பதினோரு மணிக்குப் பால் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கென்று செய்த பீங்கான் கப். படிவத்தில் ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று ஒரு கேள்வி உண்டு. குழந்தை எழுதுவதை எங்கள் ஊர்ச் செராமிக் எஸ்டேட்டில், பீங்கான் செய்யும் ஒரு கம்பெனியில் கொடுத்தால் கப்பில் வரைந்து தருவார்கள். வரைந்து சூளையில் வைத்து எடுக்கப் பத்து நாளாவது ஆகும் என்பதால், புதியவர்களின் விண்ணப்பம் வந்தவுடனேயே டாக்டரம்மா ஆர்டர் கொடுத்துவிடுவார். எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு இது தெரியாது. படிவம் என் கைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கேள்விக்கான பதில்கள் எஸ்டேட்டுக்குப் போயிருந்தன.

மயில், ஆட்டோ, கிரிக்கெட் மட்டை, பரோட்டா என்று பதினொரு கப்புகள் பதினொரு கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தட்டில் ஒன்று மீதி இருந்தது. நீல நிற ரயில் எஞ்சின். புகைப்போக்கி இல்லாத, இந்தக் காலத்து எஞ்சின். சன்னலில் ஒரு முகம்கூட வரைந்திருந்தார்கள். தொண்டு செய்ய வந்திருந்த கல்லூரிப் பெண் அதை என் பேரனிடம் நீட்டினாள்.

“இது என்னுதில்லக்கா. நான் டைனோசர்தான் எழுதுவேன்.”

“ஒன்னுது லேட்டா வரும்டா செல்லம். இப்போதைக்கு இதுல குடி.”

அவன் குடித்தான். குடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தான்.

“தாத்தா, ரயிலு எழுதுன பாப்பா வரலியா?”

“வரல.”

“செத்துப்போச்சா?”

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில் காலியானால் இப்படித்தான் கேட்பான். மழை வருமா என்று கேட்பதுபோல, பயமில்லாமல். நான் இல்லை என்றேன்.

“அப்ப ஏன் வரல?”

மனுதாரர் கேள்வி கேட்டால் அடுத்த மேஜையைக் காட்டுவது எனக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அங்கே மேஜையே இல்லை. முந்திரி மரத்தைக் காட்டி, “போய் ஏறு” என்றேன். அவன் போனான்.

சாயங்காலம் பெற்றோர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். ஒரு தாய், “நாலு மாசம் கழிச்சி இன்னைக்குத்தான் சுடுசோறு தின்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கம்மாபுரத்து விவசாயி எழுந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயா இல்லன்னா நாங்க இங்க இல்லீங்க. ஃபாரத்துல ஆதார் நம்பரே தப்பா எழுதிட்டேன். ஐயாதான் போன் போட்டு, ‘பயப்படாத, நம்பர மட்டும் சொல்லு’ன்னாரு. கெவருமெண்டுல இந்த மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்லீங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். டாக்டரம்மாவும் தட்டினார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். உட்கார்ந்த பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மருமகள் கை தட்டவில்லை. அவள் மடியில் அந்த ரயில் கப் இருந்தது. கழுவிவைக்க எடுத்துப் போனவள், அது யாருக்காகச் செய்தது என்று கல்லூரிப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். திட்டக்குடிப் பக்கத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள். ஆனால் எதையும் விடவும் மாட்டாள்.

மறுநாள் காலை குழந்தைகள் தோப்பில் கத்திக்கொண்டிருக்கும்போது, நான் அலுவலக அறையின் பின்பக்கம் போய், பதிவேட்டில் குறித்திருந்த அந்தத் தாயின் எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தக் குழந்தையை உடனே வரச் சொல்லும் எண்ணத்தில்தான் செய்தேன். இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை.

விருத்தாசலத்திலிருந்து முகாம் சார் பேசுகிறேன் என்றதும் அந்தத் தாய் என்னைப் பேசவே விடவில்லை.

“சார், மன்னிச்சுக்குங்க சார். ஃபாரத்தக் குடுத்துவுட்டிருக்கோம். எங்க தெரு அண்ணன் ஒருத்தரு லீவு முடிஞ்சி சவுதி போனாரு, அவரு கையிலதான் குடுத்தோம். பாப்பாவோட அத்தா கையெழுத்துப் போட்டு வேற ஆளுகிட்டக் குடுத்துட்டாங்களாம். அவரு இன்னும் ரெண்டு வாரத்துல வந்துருவாரு, இன்ஷா அல்லா. ஏழு நாளுன்னு போட்டிருந்தீங்க, லேட்டாயிருச்சு. கோச்சுக்காதீங்க சார்.”

“பரவாயில்லம்மா.”

“மொத தடவையே ஒழுங்கா குடுத்திருக்கணும். எனக்குத் தெரியல சார். முகாம் எப்பங்க சார்? பாப்பா தினமும் கேக்குது.”

என் பின்னால் தோப்பில் யாரோ ஒரு குழந்தை சிரித்தது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“என்னங்க சார், புள்ளைங்க சத்தமா இருக்குது? ஸ்கூல்ல இருக்கீங்களா?”

“ஆமாம்மா” என்றேன். பிறகு, “ஃபாரம் வரட்டும். சொல்றோம்” என்றேன்.

“ரொம்ப நன்றிங்க சார்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் அந்த நிமிடமே வேனை அனுப்பியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். திட்டுகிற மனுதாரரை எனக்குச் சமாளிக்கத் தெரியும். சென்னை வரை போய் மேல்முறையீடு செய்தவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். நான் செய்த தப்புக்கு என்னிடமே மன்னிப்புக் கேட்கிறவரிடம் எந்த விதியைச் சொல்வது?

திரும்பினால், பேசியதையெல்லாம் கேட்டபடி மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

“ரயிலு பாப்பாவோட அம்மாவா மாமா?”

“ஆமா.”

“வேன் சும்மாதான நிக்குது. மங்கலம்பேட்ட எவ்ளோ தூரம்? போயி இட்டாந்துடுங்க.”

“அறை இல்லம்மா. பன்னெண்டுதான்.”

“எங்க அறையில படுக்கட்டும். நானும் எம்புள்ளையும் ஹால்ல பாய் போட்டுக்கறோம்.”

“அது இல்லம்மா. ரத்தப் பரிசோதனை ரெண்டு நாளைக்குள்ள எடுத்ததா இருக்கணும். ஒன்பதாம் விதி.”

“டாக்டரம்மா இங்கதான இருக்காங்க. கேளுங்க.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டரம்மாகிட்ட சொல்லணும். அதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்குது, இல்லீங்களா?”

“உன் பையனுக்காகத்தாம்மா...”

“எம்புள்ள பேர இதுல இழுக்காதீங்க மாமா.” குரலை உயர்த்தவில்லை. “அவனுக்காகன்னா எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருப்பீங்க. நான் வேணாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சிதான சொல்லல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. முகாம் பதினெட்டாம் தேதி மதியச் சாப்பாட்டோடு முடிந்தது. குழு போட்டோ எடுத்தார்கள். டாக்டரம்மா என்னை நடுவில் நிற்கச் சொன்னார். ஓரத்தில் நின்றுகொள்கிறேன் என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வேனில் வரும்போது பேரன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். மூன்று நாள் வெயிலில் கறுத்திருந்தான். அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். கோப்பில் சாதகமான குறிப்பையும் விடக் கூடாது. அந்தச் சந்தோஷம் வேறு ஒரு குழந்தையுடையது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் ரயில் கப்பைக் கழுவித் துடைத்து என் மேஜையில், பதிவேட்டின் மேல் வைத்தாள். காலையில் டீ கொண்டுவந்தால் அந்தக் கப்பை நகர்த்தாமல் பக்கத்தில் வைப்பாள். எழுத உட்கார்ந்தால் அதை நான்தான் நகர்த்த வேண்டும். திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். பேரன் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, “இன்னும் அந்தப் பாப்பாவுக்குக் குடுக்கலையா தாத்தா?” என்று கேட்டான். குடுக்கணும் என்றேன். பதினாறு நாள் அப்படிப் போயிற்று. இந்தப் பதினாறு நாளில் டாக்டரம்மாவுக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்தேன். ஒரு முறை முகாம் அறிக்கையில் இருந்த எழுத்துப் பிழையைப் பற்றிப் பேசினேன்.

பிறகு அந்தக் கவர் வந்தது.

காலையில் தபால்காரர் கொண்டுவந்தார். பழுப்புக் கவர், ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. உள்ளே படிவம், அதனுடன் பின் செய்த என் கடிதம். சவுதிக்குப் போய் வந்ததில் நான்காக மடித்த தடம் கறுத்திருந்தது. தந்தையின் கையெழுத்து இப்போது அசல். நீல மை, அழுத்திப் போட்டதில் தாளின் பின்பக்கம் தடம் தெரிந்தது. கீழே பாஸ்போர்ட் எண், கைபேசி எண், அங்கே வேலை செய்யும் முகவரி எல்லாம் எழுதியிருந்தார். நான் கேட்காததெல்லாம் எழுதியிருந்தார். என் கடிதத்தில் ‘குறையை நிவர்த்தி செய்து’ என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். குழந்தை போட்டதாக இருக்க வேண்டும். படிவத்தில் ‘முகாமுக்கு எந்தத் தேதிகள் வசதி?’ என்ற கேள்விக்கு எதிரே தாயின் குண்டு எழுத்தில், ‘எப்ப கூப்பிட்டாலும் வருவோம்.’

முப்பத்து நான்கு வருடத்தில் இவ்வளவு முழுமையான குறை நிவர்த்தியை நான் பார்த்ததில்லை. பழக்க தோஷத்தில், வந்த தேதியை வலது மூலையில் எழுதினேன். எழுதிய பிறகுதான், அவர்கள் தாமதித்ததாகவே பதிவு செய்திருக்கிறேன் என்று பார்த்தேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டு, படிவத்தையும் கப்பையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்கு நடந்தே போனேன். மருமகள் வாசல் வரை வந்தாள். “போயிட்டு வாங்க மாமா” என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்கிற வார்த்தைதான். கொஞ்ச நாளாகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமைத் தபால் பெட்டியையும் தோப்பிலிருந்து பேசிய போனையும் விடவில்லை. முடித்ததும் அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து விதிகள் அச்சடித்த தாளை எடுத்து ஆறாவதைப் படித்தார்.

“இத யார் எழுதினா சார்?”

“நான்தான் மேடம்.”

“நல்லா எழுதியிருக்கீங்க.”

பிறகு, அந்தக் குழந்தையைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு, அவளுக்கு அடுத்த வாரம் புதிய மருந்து ஆரம்பிக்கிறார்கள் என்று சொன்னார். அந்த மருந்து ஆறு மாதம் போகும், அதுவரை கூட்டத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது, மே மாதத்தில் என்றால் வந்திருக்கலாம். அடுத்த கோடைக்குப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது, மங்கலம்பேட்டைக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டியது நான், கப்பையும் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். அடுத்த கோடையில் அவள் எப்படி இருப்பாள் என்று நான் கேட்டேன்.

டாக்டரம்மா படிவத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தந்தையின் கையெழுத்தைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது எப்ப வந்தது?”

அவரே வலது மூலையைப் பார்த்தார். பச்சை மையில், என் அழகான கையெழுத்தில் இருந்தது: பெறப்பட்ட நாள், ஜூன் 3.